மூட்டையும் தகரப்பெட்டியும்: மலாயாத் தமிழர் பயணச் சுமையின் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் நகரிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் காஹாங். செம்பனைத் தோட்டங்களும் பெல்டா நிலக்குடியேற்றங்களும் சூழ்ந்த இவ்வூர், எண்டாவ்–ரொம்பின் தேசியப் பூங்காவின் பேத்தா நுழைவாயிலுக்குச் செல்வோர் இறங்கி வண்டி மாறும் இடம் என்ற அளவிலேயே வெளியூரார்க்கு அறிமுகமாகியுள்ளது. இங்கிருந்து பேத்தா கிராமத்தை அடைய ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தோட்டப் பாதையிலும் காட்டுப் பாதையிலும் செல்ல வேண்டும். சாதாரண வாகனங்கள் அப்பாதைக்கு உதவா.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் குழு ஒன்றுடன் இக்கட்டுரையாளர் இவ்வழியே செல்ல நேர்ந்தது. புறப்படுமுன் வழிகாட்டி இட்ட கட்டளை ஒன்றே: ஆளுக்கு ஒரு சிறு முதுகுப்பை, அதற்குமேல் எதுவும் வேண்டா. மாணவர்கள் தம் சக்கரப் பெட்டிகளைத் திறந்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, பயிற்சி ஆசிரியை ஒருவர், நம் முன்னோர் ஒற்றைத் தகரப்பெட்டியோடுதானே இந்நாட்டுக்கு வந்தார்கள் என்றார். அனைவரும் அதை ஒப்புக்கொண்டனர். இக்கட்டுரையாளரும் அன்று மறுப்பேதும் கூறவில்லை. எனினும், அக்கூற்று உண்மைதானா என்னும் ஐயம் அன்றுமுதல் நீங்கவில்லை. தோட்டத் தொழிலாளராக வந்தவர்களுள் பெரும்பாலோர் தகரப்பெட்டியோடு வரவில்லை; துணி மூட்டையோடு வந்தனர் என்பதும், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் பொருள் வேறுபாடு அன்று என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மொழிக்குள் கிடக்கும் சுமை

பயணச் சுமையைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்கள் பல. பொதி, மூட்டை, முடிச்சு, பொட்டலம், பொக்கணம், சுருக்குப்பை என அவை அளவாலும் பயனாலும் வேறுபடும். பயணப்பையைச் சுட்டும் பழஞ்சொற்களுள் ஒன்று 'கலப்பை'. பாணரும் பொருநரும் தம் இசைக்கருவிகளை இட்டுச் சுமந்த பை இது; ஏர்க்கலப்பையோடு இதற்கு உறவில்லை. புறநானூற்றின் 206ஆம் பாடலில் அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிற்காவலனை நோக்கிச் சினந்து பேசும் ஔவையார், கருவிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டதையும் கலப்பையைக் கட்டிக்கொண்டதையும் சொல்லியே தம் புறப்பாட்டை அறிவிக்கிறார். மூட்டையைக் கட்டுவது இங்கு ஒரு தன்மான அறிவிப்பு. பரிசில் நீட்டித்த இடத்தில் நில்லாமல் நடக்கும் உரிமை, தோளில் கொள்ளும் அளவுக்குச் சுமையைச் சுருக்கிக்கொண்டவருக்கே உண்டு.

இன்றைய வழக்கில் 'மூட்டையைக் கட்டு' என்பது ஒருவரை வெளியேற்றும் கட்டளை. புறப்படுபவர் சொன்ன சொல், புறப்படச் செய்பவரின் சொல்லாக எப்போது மாறியது என்று நம்மால் நாள் குறிக்க இயலாது. ஆயினும் தோட்டப்புற வழக்கில் இச்சொல்லுக்கு இருந்த கூர்மையை அங்கு வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

தமிழகத்துச் சாலையோரங்களில் இன்றும் எஞ்சியுள்ள சுமைதாங்கிக் கற்களையும் இங்கு நினைவுகூரலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைக்கப்படும் இவை, தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரமுடையவை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நடும் வழக்கம் இருந்தது. சுமை என்பதை ஊரார் பொறுப்பாகக் கருதிய சமூகம் அது. அச்சமூகத்திலிருந்து கடல் கடந்தவர்களுக்கு, இறங்கிய துறைமுகத்தில் சுமைதாங்கி ஏதும் காத்திருக்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து குளுவாங் வரை

மலாயாவுக்கான ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே வளர்ந்துவிட்டிருந்த கங்காணி முறையும், 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடிவரவு நிதியும் தொழிலாளர் வருகையைப் பெருக்கின. தோட்ட முதலாளிகளிடமிருந்து திரட்டப்பட்ட அந்நிதியே கப்பல் கட்டணத்தையும் வழிச்செலவையும் ஏற்றது. உரிமம் பெற்ற கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று ஆள் திரட்டுவான். திரட்டப்பட்டோர் நாகப்பட்டினத்திலோ சென்னையை அடுத்த ஆவடியிலோ இருந்த முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப்பின் கப்பலேறுவர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை இம்முறை ஏதோவொரு வடிவில் நீடித்தது. 1786 முதல் 1957 வரை மலாயாவில் நுழைந்த இந்தியரின் எண்ணிக்கை 40 இலட்சத்தைத் தாண்டும் என்பதும், அவர்களுள் பெரும்பகுதியினர் திரும்பிச் சென்றுவிட்டனர் என்பதும் கெர்னியல் சிங் சந்துவின் ஆய்வால் (1969) நாம் அறிந்தவை.

இத்தனை பேரும் என்ன கொண்டுவந்தார்கள்? முனைவர் பட்ட ஆய்வுக்காக லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்களைப் புரட்டிய காலத்தில் இக்கட்டுரையாளர் இக்கேள்வியை எழுப்பவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று பார்த்த அறிக்கைகளில் ஆண் இத்தனை, பெண் இத்தனை, குழந்தை இத்தனை, அம்மை குத்தப்பட்டோர் இத்தனை, திருப்பி அனுப்பப்பட்டோர் இத்தனை என்று கணக்குகள் ஒழுங்காக இருந்தன. அக்கணக்குகளில் மயங்கி, தலைகளையே எண்ணிக்கொண்டிருந்தோம். தலைமேல் இருந்ததை எண்ணவில்லை.

ஆகவே, பயணத்தின் இயல்பிலிருந்தே விடையை ஊகிக்க வேண்டியுள்ளது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கவில்லை. கடலில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகள் படகில் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு ஏற வேண்டும். இடுப்பில் குழந்தையும் கையில் மற்றொரு குழந்தையுமாக ஏறும் பெண்ணுக்குத் தகரப்பெட்டி உதவாது. முதுகிலோ தோளிலோ இறுகக் கட்டிய துணி மூட்டையே உதவும். கப்பலில் அவர்களுக்குரிய இடம் மேல்தளம். பாயோ துணியோ விரித்த அளவே ஒரு குடும்பத்தின் இடம். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜுலா' கப்பல், தொடக்கக் காலத்தில் 5,000 பேருக்கு மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அத்தனை பேர் நெருங்கிக் கிடந்த தளத்தில் மூட்டைக்கு வேறொரு பயனும் இருந்தது. அது தலையணையாயிற்று, தலைக்கு அடியில் இருப்பது களவு போகாது.

கரை இறங்கியதும் பினாங்கில் புலாவ் ஜெரெஜாக், சிங்கப்பூரில் செயின்ட் ஜான் தீவு போன்ற இடங்களில் நோய்த்தடுப்புக் காவல். உடைகளும் மூட்டைகளும் பிரிக்கப்பட்டு, கிருமி நீக்கத்துக்கு உள்ளாக்கப்பட்டன. ஊரில் கட்டிய முடிச்சு அவிழ்க்கப்பட்ட முதல் இடம் இதுவாகவே இருந்திருக்கும். அவிழ்த்தவை பிறர் கைகள்.

அதன்பின் இரயில். 1909இல் திறக்கப்பட்ட ஜொகூர் இரயில்பாதை கெமாஸ் நகரையும் ஜொகூர் பாருவையும் இணைத்தது. 1924இல் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டபின் சிங்கப்பூரில் இறங்கியோரும் நேரே வடக்கே வர முடிந்தது. குளுவாங்கில் இறங்கி, மெர்சிங் சாலையில் வண்டியிலோ லாரியிலோ ஏறி, பின்னர் தோட்டத்து மண்பாதையில் நடந்து லயத்தை அடைவதோடு பயணம் முடியும். படகு, கப்பல், இரயில், லாரி, கால்நடை என்று ஐந்து வகைப் பயணத்திலும் தானே சுமக்க வேண்டிய ஒருவர், பெட்டியைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று கருத இடமில்லை. தேர்ந்தெடுக்கப் பணமும் இருந்திருக்காது.

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் நிலையை ஒப்பிட்டு நோக்கினால் இது மேலும் தெளிவாகும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளைவரை நடந்தனர். காலராவுக்கும் களைப்புக்கும் அவ்வழியில் பலர் பலியாயினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. அதைக் காட்டினால் வழிநெடுக முதலாளியின் கணக்கில் அவர் கொண்டுசெல்லப்படுவார். 'துண்டு' எனப்பட்ட கடன் சீட்டோ, தோட்டம் மாறும்போது தொழிலாளியின் கடனையும் உடன் கொண்டு சென்றது. 1921இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. அப்பயணியின் உடைமைகளுள் மிகக் குறைந்த எடையுடையது அத்துண்டுக் காகிதம். அதனினும் கனத்த பொருள் அவரிடம் வேறு இருந்ததாகத் தோன்றவில்லை.

ஒரு சேலையின் வரலாறு

இக்கட்டுரையாளரின் தந்தைவழிப் பாட்டியார் 1920களின் இறுதியில், ஏழெட்டு வயதுச் சிறுமியாக, தம் தாயுடன் குளுவாங்–மெர்சிங் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். அவர் பிற்காலத்தில் சொல்லக் கேட்டவற்றைக் கொண்டு அந்த மூட்டையின் உள்ளடக்கத்தை ஓரளவு அறிய முடிகிறது. ஒரு பழைய நூல் சேலையே மூட்டைத் துணி. அதனுள் மாற்றுடை ஆளுக்கு ஒன்று, பித்தளைச் செம்பு, ஈயத்தட்டு, வெற்றிலை இடிக்கும் சிறு உரல், காய்ந்த மிளகாயும் புளியும், ஒரு துணி முடிச்சில் திருநீறு, இன்னொரு முடிச்சில் குலதெய்வக் கோயில் மண். பணம் மூட்டையில் இல்லை. தாயின் மடியில் இருந்தது.

இவற்றுள் கோயில் மண் தனித்து நோக்கத்தக்கது. தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று புதிய இடத்தில் தெய்வத்தை நிலைநிறுத்தும் வழக்கம் தென்தமிழகத்து நாட்டார் சமயத்தில் உண்டு. மலேசியத் தோட்டங்களிலுள்ள முனியாண்டி, மதுரைவீரன், காளியம்மன் கோயில்களுள் பல இவ்வாறு தோன்றியதாகச் சொல்லப்படும் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஒருபிடி மண்ணின் எடை சில பலமே. கொண்டுவர முடிந்தவற்றுள், வந்த இடத்தில் ஊர் ஒன்றை உருவாக்கவல்ல பொருள் அதுவே. திரும்பிப் போகும் எண்ணத்தோடு மட்டும் வந்தவர்கள் மண்ணைக் கட்டிக்கொண்டு வருவார்களா? வந்தவர் அனைவரும் தற்காலிகப் பறவைகளே என்று எழுதிய காலனிய அதிகாரிகளிடமும், அவர்களைப் பின்பற்றி எழுதிய நம்மவரிடமும் இக்கேள்வியை முன்வைக்கலாம்.

சரி, தகரப்பெட்டி எங்கிருந்து வந்தது? பாட்டியார் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. பூ வரைந்த, பச்சை வண்ணம் மங்கிய பெட்டி. அதைப் பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகள், அது கப்பலில் வந்த பெட்டி என்றே நம்பினோம். கப்பலில் அது சென்றதும் உண்மையே. ஆனால் திசை வேறு. போருக்குப்பின் ஊருக்குச் சென்று வர எண்ணிய பாட்டனார், குளுவாங் கடைத்தெருவில் அதை வாங்கினார். சேலையும் வேட்டியும் பிஸ்கட் டின்னும் சோப்பும் நிரப்பி ரஜுலாவில் கொண்டுபோனார். திரும்பும்போது பெட்டியில் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. வந்ததன் சான்றாக நாம் போற்றிய பொருள், போய் வந்ததன் சான்று.

ஒரு குடும்பத்துச் செய்தியைக் கொண்டு பொதுமுடிவு கூறுதல் தகாது. எழுத்தர்களும் வணிகர்களும் ஆசிரியர்களும் சொந்தச் செலவில் பயணச்சீட்டு வாங்கிப் பெட்டியோடுதான் வந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழர், நகரத்தார் ஆகியோரின் பெட்டிகளுக்குத் தனி வரலாறு உண்டு. ஆனால் பொருள்கள் எஞ்சும் முறையில் ஓர் அநீதி இருக்கிறது. தகரம் எண்பது ஆண்டுகள் நிற்கும். நூல் சேலை நிற்காது. பாட்டியார் வீட்டு மூட்டைச் சேலை முதலில் லயத்தில் தூளியாயிற்று. அதில் இரண்டு தம்பிகள் வளர்ந்தனர். பிறகு அது கிழிபட்டு, பால்மரக் கோப்பை துடைக்கும் துணியாகி முடிந்தது. நம் கண்காட்சிகளில் தகரப்பெட்டியை நடுவில் வைத்து, 'முன்னோர் வருகை' என்று எழுதி ஒட்டுகிறோம். எஞ்சியதைக் கொண்டு வரலாறு எழுதும்போது, வசதியுடையோரின் வருகை எல்லோரின் வருகையாகிவிடுகிறது.

கட்டச் சொன்ன மூட்டைகள்

தோட்டத் தமிழர் சிறு சுமையோடு பயணம் செய்தது வருகையோடு நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வந்தபோது கொண்டுவந்ததைவிடச் சிலரிடம் குறைவாகவே இருந்திருக்கும்.

1942 ஜனவரி இறுதியில் குளுவாங் ஜப்பானியர் வசமாயிற்று. மெர்சிங்கிலிருந்து ஜெமாலுவாங் வரையிலான சாலையிலும் போர் நடந்தது. அடுத்த ஆண்டு சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஆள் திரட்டல் உச்சத்தை எட்டியது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லப்பட்டதால் சிறு மூட்டையோடு சென்றோர் உண்டு. பிடித்துச் செல்லப்பட்டதால் உடுத்திய துணியோடு சென்றோரும் உண்டு. சரக்குப் பெட்டிகளில் பான் போங் வரை சென்று, அங்கிருந்து மழைக்காட்டில் நடந்தனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள், பாத்திரங்கள் புறப்படும் காட்சிகளில் கையில் என்ன எடுத்துச் செல்கிறார்கள் என்று மாணவர்களைக் குறித்துவரச் செய்யலாம். புனைவு இங்கு ஆவணத்தை விடக் கூர்ந்து பார்க்கிறது.

இதே காலத்தில் பர்மாவிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கால்நடையாக இந்தியா நோக்கிச் சென்றனர். இரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23இல். பெட்டிகளோடு புறப்பட்டவர்கள் மலைப்பாதையில் அவற்றை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நடந்தார்கள். அரிசியும் நீரும் மட்டுமே சுமக்கத்தக்கவை என்பதை அப்பாதை கற்பித்தது.

1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் அவசரகாலத்தில் புறம்போக்கு மக்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டதைச் சீனர் வரலாறாக மட்டுமே பாடநூல்கள் சொல்கின்றன. தோட்ட லயங்களும் முள்வேலிக்குள் ஒருங்கு குவிக்கப்பட்டன. அங்கும் ஒரு மூட்டை கட்டப்பட்டது. 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரவர் கப்பலேறினர். இம்முறை அவர்களிடம் பெட்டிகள் இருந்தன. நாற்பது ஆண்டு வாழ்க்கை இரண்டு பெட்டிகளில் அடங்கியது.

கப்பல் காலமும் முடிந்தது. ரஜுலா 1973இல் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் தடத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அச்சேவை நின்றது. விமானம் வந்தபின் சுமை கிலோ கணக்காயிற்று. பிறர் பொருளைத் தம் சுமை அளவுக்குள் கொண்டுசென்று கூலிபெறும் 'குருவி'கள், தம் உடைமை ஏதுமின்றி நிறைந்த பெட்டிகளோடு பயணம் செய்யும் விந்தையான பயணிகள். அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மீண்டும் காஹாங்

பேத்தாவில் வாழும் ஜாக்குன் மக்கள் காட்டுக்குள் செல்லும்போது 'அம்போங்' எனப்படும் பிரம்புக் கூடையை முதுகில் மாட்டிச் செல்வர். போகும்போது அது ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். காட்டில் எது கிடைக்கும் என்பது தெரிந்தவருக்குக் கொண்டுபோக வேண்டியவை சிலவே. நம் மாணவர்களின் முதுகுப்பையில் மாற்றுடையும் மருந்தும் மின்கல விளக்கும் இருந்தன. அவர்கள் பைக்கு வெளியே விட்டுவந்த அனைத்தும் காஹாங்கில் பூட்டிய வாகனத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தன. பாட்டியாரின் தாய் கட்டிய மூட்டைக்கு வெளியே அவருக்காகக் காத்திருந்தது எதுவுமில்லை. எடையால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம். சிறு சுமைப் பயணத்தைப் போற்றும் இன்றைய வழக்கை முன்னோர் பயணத்தோடு இணைத்துப் பேசும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

1938க்கு முன் வந்தவர்களுள் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்தம் பிள்ளைகள் எழுபது, எண்பது வயதில் குளுவாங், காஹாங், ஜெமாலுவாங் வட்டாரங்களில் இன்னும் வாழ்கின்றனர். தோட்டத்தைவிட்டு நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தோரும் உளர். வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர்களிடம் நாம் கொடுக்கும் வினாநிரல் ஊர், கப்பல், ஆண்டு, கங்காணி பெயர் என்று தொடங்குகிறது. அவற்றுக்குப் பல வீடுகளில் இனி விடை கிடைக்காது. மூட்டை எந்தத் துணியால் கட்டப்பட்டது, அதில் என்ன இருந்தது, அத்துணி பிறகு என்னவாயிற்று என்று கேட்டால், அம்மா சொன்னார், அப்பாயி சொன்னார் என்று விடை வரக்கூடும். வினாநிரலில் இம்மூன்றையும் முதலில் வைக்கலாம்.